டைரியில் ஏற்றிய பெயர்

துபாய் சாமான் என்றால் அதுவரை பலவேசத்துக்குத் தெரிந்தது செண்டு பாட்டிலும் தலைவலித் தைலமும்தான். துபாயிலிருந்து வந்திருந்த காயல்பட்டினத்து பீர் மைதீன், தன் மகள் கல்யாணத்துக்குப் பந்தலும் மைக் செட்டும் போட்ட பலவேசத்தின் வேலையில் மனம் குளிர்ந்து, பெட்டியிலிருந்து ஒரு கறுப்புச் சாமானை எடுத்து அவர் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கியது. மூடியைத் திறந்தால் மேலே சின்னதாக ஒரு திரை, கீழே உளுந்து உளுந்தாகப் பித்தான்கள்.

“டிஜிட்டல் டைரி, அண்ணாச்சி. எத்தனை பேரு நம்பர் வேணும்னாலும் இதுல ஏத்தி வச்சிக்கிடலாம். ஒரு பட்டனத் தட்டுனா ஆளு முன்னால வந்து நிப்பான்” என்றார் பீர் மைதீன்.

செல்போன் பெரிய முதலாளிகளின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது. பலவேசத்துக்குத் தச்சநல்லூரில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மூங்கிலும் சாமியானாவும் குழாய் ஸ்பீக்கரும் கிடக்கும். சுவர் முழுக்கச் சாக்குக்கட்டியில் ஆட்களின் போன் நம்பர்கள் எழுதிக் கிடக்கும். ஐப்பசி மழையில் தகரம் ஒழுகினால் பாதி ஆட்கள் கரைந்து போவார்கள். முகூர்த்த நாளில் ஆள் கிடைக்காமல் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்தச் சாமான் அலங்காரத்துக்கு வந்தது இல்லை, உண்மையிலேயே தேவையாக இருந்தது.

ஆனால் அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். பலவேசத்துக்கு இங்கிலீஷ் எழுத்துகள் முகம் தெரியும், கூட்டமாக வந்தால் அடையாளம் தெரியாது. டீக்கடையில் நாலு பேர் முன்னால் திறந்து மூடிக் காட்டியதோடு சரி, டைரி சட்டைப் பையிலேயே கிடந்தது. கடைசியில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அங்கே டைப் அடிப்பதற்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் கலையரசி. சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை.

“இதுக்கு உசிர் குடு தாயி” என்று டைரியை அவள் முன்னால் வைத்தார்.

டைரியோடு வந்த சின்னப் புத்தகத்தை அவள் நிதானமாகப் படித்தாள். முதலில் நேரம் வைத்தாள். “ஊரு கேக்குது அண்ணாச்சி” என்றாள்.

“தச்சநல்லூர்னு போடு.”

“அதுவா வச்சிருக்க ஊர்லதான் ஒண்ணு எடுக்கணும். நம்ம பக்கத்துக்கு டெல்லிதான் இருக்கு.”

“சரி, டெல்லியிலயே இருந்துக்கிடுதேன். யாரு வந்து பாக்கப் போறா?”

ஜெராக்ஸுக்குக் காத்து நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், பலவேசத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மைக் பிடித்த வாய். கேட்க நாலு காது இருந்துவிட்டால் அடைக்க முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆட்களை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்.

தாமிரபரணிக் கரையில் சாமிகள் எண்ணிக்கை கம்மி, பிறக்கிற பிள்ளைகள் எண்ணிக்கை ஜாஸ்தி. அதனால் தெருவுக்குத் தெரு சுடலையும் இசக்கியும் மந்திரமூர்த்தியும் நடமாடுவார்கள். ஒரு சுடலையை இன்னொரு சுடலையிடமிருந்து பிரிக்க ஊரே சேர்ந்து ஒரு பட்டப்பேர் வைக்கும். வைத்தபின் அதுதான் பேர். பெற்றவர்கள் வைத்தது ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். பலவேசமும் அப்படித்தான் சொன்னார். ரேடியோ இசக்கி. வெள்ளாட்டுச் சுடலை. கோணவாய் முருகன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கதை சொன்னார். ஒவ்வொரு கதைக்கும் சிரிப்பு விழுந்தது. கலையரசியும் லேசாகச் சிரித்தபடியே தட்டிக்கொண்டிருந்தாள்.

“அடுத்தது எழுது, பொட்டலம்.”

அவள் விரல் நின்றது. “அவருக்குப் பேரு ஏதும் இல்லியா அண்ணாச்சி?”

“மந்திரமூர்த்திதான். மந்திரமூர்த்தி ஊரு முழுக்கக் கெடக்கான், எந்த மந்திரமூர்த்தின்னு தேட? பொட்டலம்னு மட்டும் போடு. ஒரே ஆளுதான். பந்தி பரிமாற, எல எடுக்கக் கூப்பிட்டா ஓடியாருவான். வேலைக்காரன், கொற சொல்ல முடியாது. ஆனா பந்தி முடிஞ்சதும் மிஞ்சுன சோத்த எலயில மடிச்சு மடியில கட்டிருவான். பாக்க ஒருத்தருக்கும் தெரியாதுன்னு அவனுக்கு நெனப்பு. ஒரு கல்யாணத்துல கட்டு அவுந்து, வேட்டியெல்லாம் சாம்பாரா வடியுது. இவரு ஒண்ணும் தெரியாத மாரி நடந்து போறாரு. எங்கையில மைக்கு. சும்மா இருக்க முடியுமா? ‘பொட்டலம் மந்திரமூர்த்தி, பொட்டலம் மந்திரமூர்த்தி, எங்கிருந்தாலும் சாம்பாருடன் மேடைக்கு வரவும்’னேன். கல்யாண வீடே உருண்டுட்டு!”

கடையும் உருண்டது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பொட்டலம் யாருக்காம்?” என்று கலையரசி கேட்டாள்.

“வீட்ல புள்ளைக இருக்காம்.”

“நம்பர் சொல்லுங்க.”

மந்திரமூர்த்தி வீட்டில் போன் ஏது? ஊர் மளிகைக்கடை நம்பரில் கூப்பிட்டு ஆளை வரச்சொல்ல வேண்டும். பலவேசம் பாதி நம்பர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மீதியை அவள் தட்டி முடித்துவிட்டாள். என்ன வேகம் என்று அவர் பாராட்டினார். சேமித்ததும் டைரி ஒரு தடவை கீச்சென்றது.

தேடுவது எப்படி என்றும் அவளே சொல்லிக் கொடுத்தாள். முதல் எழுத்தைத் தட்டி, அம்புக்குறியைத் தட்ட வேண்டும். பலவேசம் ஒற்றை விரலால் பைய தட்டினார். திரையில் எழுத்துகள் எழுந்து வந்தன. சின்னப் பிள்ளை மாதிரி துள்ளி, திரையை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.

“பாத்தியா தாயி, பொட்டலம் வந்துட்டான்!”

அவள் பார்த்தாள். “ஆமா அண்ணாச்சி, வந்துட்டாரு” என்றாள்.

ஆவணி பிறந்ததும் மந்திரமூர்த்தி கொட்டகைக்கு வந்தான். வேலைக்குக் கூப்பிடாமல் அவன் வந்து பலவேசம் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, சட்டை, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. தட்டில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

“மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் அண்ணாச்சி. பந்தலும் மைக்கும் ஒங்களுதுதான். மாப்பிள்ள வீடு முக்கூடல், நல்ல எடம். வேற ஆளப் போட்டா மரியாதயா இருக்காது. நீங்களே நின்னு நடத்தித் தரணும்.”

“சந்தோசம்லே. மக என்ன செய்யுதா?”

மந்திரமூர்த்தியின் முகம் மலர்ந்தது. “தெரியாதா? இந்தா, பக்கத்து ஜெராக்ஸ் கடையிலதான இருக்கா! கலையரசி. ஒங்க மிசின்ல பேரெல்லாம் அவதான ஏத்திக் குடுத்தாளாம். அண்ணாச்சி தங்கமான மனுசன், சிரிக்கச் சிரிக்கப் பேசுதாவன்னு வீட்ல வந்து சொன்னா.”

வெற்றிலைத் தட்டை வாங்கப் பலவேசம் நீட்டிய கை அப்படியே நின்றது. மந்திரமூர்த்தி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நாள், வாழைமரம், நாதஸ்வரம். ஒன்றும் உள்ளே போகவில்லை. நம்பரைச் சொல்லுமுன் அந்தப் பெண் தட்டி முடித்ததும், பொட்டலம் யாருக்காம் என்று கேட்டதும், தான் திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டியதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மந்திரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார். கள்ளமே இல்லை. மகள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவன் போனபின் சட்டைப் பையிலிருந்த டைரியைத் தொடவே கூசியது. எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ பேரைக் கேலி பேசியிருக்கிறார். எவனும் கோபித்ததில்லை, அதனால் எவனுக்கும் வலிக்கவில்லை என்று நினைத்திருந்தார். பெற்ற மகளின் கையாலேயே அப்பனைப் பொட்டலம் என்று எழுத வைத்திருக்கிறோமே என்று நினைக்கும்போதெல்லாம் தலை தானாகக் கவிழ்ந்தது. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார், சோற்றைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டார்.

ஜெராக்ஸ் கடைக்குப் போகத் துணிச்சல் வரவில்லை. டீக்கடையில் இருந்தபடி எட்டிப் பார்ப்பார், கூட்டம் இருக்கிறது என்று தனக்குத்தானே சாக்கு சொல்லித் திரும்பிவிடுவார். ஒருநாள் கூட்டமே இல்லை, சாக்கும் கிடைக்கவில்லை. உள்ளே போய் டைரியை மேஜைமேல் வைத்தார்.

“அந்தப் பேர எடுத்துரு தாயி.”

எந்தப் பேர் என்று அவள் கேட்கவில்லை. “எடுத்துட்டு என்ன போட?” என்றாள்.

“மந்திரமூர்த்தின்னே போடு.”

“நீங்கதான சொன்னிய, ஊரு முழுக்க மந்திரமூர்த்தின்னு? இனிசியலாவது போட்டாத்தான் தேட முடியும். அப்பாவுக்கு இனிசியல் என்ன?”

பலவேசம் விழித்தார். மந்திரமூர்த்தி தந்த பத்திரிகையை அவர் இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“எந்தத் தெரு?”

வருஷக்கணக்காகத் தன்னிடம் இலை எடுத்த மனுஷன். ஊர் மளிகைக்கடை நம்பர் தெரியும், மடியில் கட்டிய சோறு தெரியும். அது தவிர ஒரு மண்ணும் தெரியாது. பலவேசம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

“தெரிஞ்சிட்டு வாங்க, ஏத்தித் தாரேன்” என்றாள் கலையரசி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். ஒரு தாளை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்:

“சின்னதுல, அப்பா வேலைக்குப் போன அன்னைக்கு நாங்க வாசல்லயே உக்காந்திருப்போம். ஒரு நா வேட்டியெல்லாம் சாம்பாரோட வெறுங்கையா வந்தாவ. வாய்க்கா வரப்புல வழுக்கிட்டுன்னு சொன்னாவ. எல்லாரும் பொட்டலம்னு கூப்பிடுதது, எங்களுக்குச் சோறு கொண்டு வாரதுக்குச் செல்லமாக் கூப்பிடுதாவன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன். நீங்க சொல்லித்தான் தெரியும்.”

பலவேசம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு மட்டும். முக்கூடல்காரவங்களுக்கு அந்தப் பேரு தெரியாது. தெரிஞ்சா என்ன ஏதுன்னு கேப்பாவ. நாள பின்ன என்னயும் அதச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. கல்யாணத்தன்னைக்கு மைக்கு ஒங்க கையிலதான இருக்கும். அந்தப் பேரு மட்டும் அங்கன வர வேண்டாம்.”

“வராது தாயி. என் புள்ளைக மேல ஆண” என்றார் பலவேசம்.

அடுத்த முறை மந்திரமூர்த்தி வந்தபோது இனிஷியலையும் தெருவையும் அவன் வாயாலேயே விசாரித்தார். சு. மந்திரமூர்த்தி, மேலத்தெரு. எதற்கு என்று தெரியாவிட்டாலும், அண்ணாச்சி தன் தகப்பன் பேரைக் கேட்டதில் அவனுக்குப் பெருமை. கலையரசி அதற்குள் கல்யாண வேலைக்காக லீவில் போய்விட்டாள். அதனால் பலவேசமே கொட்டகையில் உட்கார்ந்து, பத்திரிகையில் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்த பேரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். ஒரு எழுத்து தப்பினால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பழைய பேரை எடுக்கப் போனபோது, நிஜமாகவே அழிக்கவா என்று டைரி கேட்டது. அழி சனியனே என்று பித்தானை அமுக்கினார். தன் ஆட்களையும் வரிசையாக நிற்க வைத்து, அந்தப் பேரை எவனாவது வாயில் எடுத்தால் அதோடு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். வாய் நிற்காத ரேடியோ இசக்கி மட்டும் பேந்தப் பேந்த முழித்தான். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

கல்யாணத்தன்று மேலத்தெருவை அடைத்துப் பந்தல். சொன்னதைவிட ஒரு படி கூடுதலாகவே செய்திருந்தார். வாசலில் குலை தள்ளிய வாழை, உள்ளே பூத்தோரணம். முக்கூடல்காரர்கள் வந்து இறங்கி, பந்தலை அண்ணாந்து பார்த்து, பெண் வீடு சோடை போகாது என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு மைக்கை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. பேச்சும் அளவாகத்தான் பேசினார். அண்ணாச்சிக்கு உடம்புக்குச் சுகமில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மணவறையில் மாப்பிள்ளையும் கலையரசியும் உட்கார்ந்தாயிற்று. தாரை வார்த்துக் கொடுக்க ஆற்றுத் தண்ணீர் செம்பில் தயாராக இருந்தது. வார்க்க வேண்டிய தகப்பனைக் காணோம்.

“பொண்ணோட அப்பாவக் கூப்பிடுங்க, நேரமாகுது” என்று சாஸ்திரிகள் அவசரப்படுத்தினார்.

இதற்காகத்தானே காத்திருந்தார் பலவேசம்? பெண்ணின் தகப்பனார் என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவருக்கு அது போதவில்லை. எந்த மைக்கில் பேரைக் கெடுத்தாரோ அதே மைக்கில் அந்த மனுஷனை முழுப் பேரும் சொல்லி, ‘அவர்கள்’ போட்டுக் கூப்பிட வேண்டும், அதை அந்தப் பெண் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்து வைத்திருந்தார். தப்பு வந்துவிடக் கூடாது என்று டைரியைத் திறந்து, எழுத்தைத் தட்டி, தானே ஏற்றிய பேரைத் திரையில் பார்த்தே படித்தார்.

“சு. மந்திரமூர்த்தி அவர்கள். மேலத்தெரு உயர்திரு சு. மந்திரமூர்த்தி அவர்கள் மணவறைக்கு வரவும்.”

கலையரசி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவர் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றார். அவர் பேரும் மந்திரமூர்த்திதான், ஆனால் முக்கூடல். பெண் வீட்டுப் பக்கம் இன்னும் இரண்டு மந்திரமூர்த்திகள் எழுந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தலில் சிரிப்பு கிளம்பியது. பலவேசம் இன்னொரு தரம் கூப்பிட்டார். வர வேண்டிய ஆள் வரவில்லை. கடைசியில் யாரோ ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மந்திரமூர்த்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தி போடும் இடத்தில் வழக்கம்போல இலை துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நேரே பலவேசத்தின் பக்கத்தில் வந்து நின்றான். நாதஸ்வரச் சத்தத்தில் அண்ணாச்சிக்குக் கேட்காதோ என்று குனிந்து, சத்தமாகவே சொன்னான்.

“என்ன அண்ணாச்சி, பொட்டலம்னு ஒரு சத்தம் குடுத்தா ஓடியாந்திருப்பேம்லா! மந்திரமூர்த்தி அவர்கள்னா எனக்கு எப்படித் தெரியும்? வேற யாரயோன்னுல்லா நெனச்சேன்.”

மைக் அணைக்கப்படவில்லை. தெருவின் இரண்டு முனையிலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் அதை அப்படியே எடுத்து ஊருக்குச் சொல்லின. நாதஸ்வரக்காரர் சிரித்து வாசிப்பை விட்டுவிட்டார்.

“பொட்டலமா?” எழுந்து நின்ற முக்கூடல் மந்திரமூர்த்தி உட்காராமலே கேட்டார். “அதென்ன சம்மந்தி, பேரு புதுசா இருக்கு?”

மந்திரமூர்த்திக்கு வெட்கமும் சிரிப்பும். தன்னைப் பற்றி ஒரு பெரிய மனுஷன் விசாரிக்கிறார் என்கிற சந்தோஷம்.

“அது அண்ணாச்சி வச்ச பேரு. நான் சொன்னா நல்லா இருக்காது. அண்ணாச்சி சொல்லணும், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாவ. சொல்லுங்க அண்ணாச்சி.”

பந்தல் முழுக்கப் பலவேசத்தைப் பார்த்தது. சில பேர் சிரிப்பதற்கு இப்போதே தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். மணவறைப் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் இல்லை. கலையரசியின் வளையல் ஒரு தடவை குலுங்கியது மட்டும் கேட்டது. மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

“கெட்டிமேளம்!” என்று அலறினார் பலவேசம். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

தவில்காரருக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், கை கேள்வி கேட்காது. மேளம் இடிந்து விழுந்தது. தாலி இன்னும் தட்டில் தேங்காய்மேல்தான் இருந்தது. அது தெரியாமல் பின்வரிசைக்காரர்கள் அட்சதையை வாரி இறைத்தார்கள். மாப்பிள்ளை மிரண்டு போய் எழுந்து உட்கார்ந்தார். சாஸ்திரிகள் இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்தினார், அது யாருக்கும் கேட்கவில்லை. முக்கூடல்காரர்கள் பலவேசத்தைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டித் திட்டினார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஒருவர் சைகை காட்டினார். அந்த அமளியிலேயே யாரோ செம்பை மந்திரமூர்த்தியின் கையில் திணிக்க, அவன் ஒன்றும் புரியாத சிரிப்போடு மகளின் கைமேல் தண்ணீரை வார்த்தான்.

பலவேசத்தின் தலையிலும் சட்டையிலும் அரிசி ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. மேளம் எவ்வளவு நேரத்துக்கு அடிப்பார்கள்? நிறுத்தினால் முக்கூடல் பெரியப்பா விட்ட இடத்திலிருந்து கேட்பார். தவில்காரர் களைத்துப் போய், போதுமா என்பதுபோல அவரைப் பார்த்தார். பலவேசம் நிறுத்தாதே, நிறுத்தாதே என்று டைரி பிடித்த கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.